சில்லுக்குள் ஒளி: இறால் குட்டை நைட்ரைட்டும் பஞ்சு மிட்டாய்ச் சாயமும்

இறால் குட்டையில் எடுத்த ஒரு லிட்டர் நீரில், இறாலுக்கு நஞ்சான நைட்ரைட் 0.1 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த நீரோடு சல்பனிலமைடையும் நாஃப்தைல் எத்திலீன் டைஅமீனையும் சேர்த்தால் சில நிமிடங்களில் இளஞ்சிவப்புச் சாயம் உருவாகும்; நைட்ரைட் எவ்வளவோ அவ்வளவு சாயம். பீட்டர் கிரீஸ் 19ஆம் நூற்றாண்டில் கண்ட வினையின் அடிப்படையில் அமைந்த இந்தச் சோதனைதான் இன்றும் நைட்ரைட்டுக்குப் பெரும்பாலான ஆய்வகங்களில் நடக்கிறது. இந்தக் கரைசலை ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள குவெட் என்ற தெளிந்த சிறு கலத்தில் ஊற்றி 540 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியைச் செலுத்தினால், உள்ளே சென்ற ஒளியில் ஏறத்தாழ 22 சதவீதம் குறைந்து வெளியே வரும். அதே கரைசலை நுண்பாய்மச் சில்லின், அதாவது மிக நுண்ணிய தடங்களில் நீரை ஓட்டிச் சோதிக்கும் சிறு தகட்டின், 100 மைக்ரோமீட்டர் ஆழமுள்ள தடத்தில் நிரப்பி, மேலிருந்து கீழாக அதே ஒளியைச் செலுத்தினால், குறைவது 0.25 சதவீதம் மட்டுமே. வேதியியல் மாறவில்லை, செறிவும் மாறவில்லை. ஒளி கரைசலுக்குள் கடக்கும் தூரம் நூறில் ஒரு பங்காகிவிட்டது.

நுண்பாய்மச் சில்லைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் முதலில் சொல்லும் பெருமை, அதற்கு மிகக் குறைந்த நீர் போதும் என்பது. அந்தச் சிறுமைதான் அளக்கும் ஒளியையும் பறித்துக்கொள்கிறது என்பதை இரண்டாவதாகக்கூடப் பலர் சொல்வதில்லை. தடம் வெட்டுவதும் நீரை ஓட்டுவதும் இன்று ஓரளவு கைவந்த வேலைகள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் கடினம். கடலூரில் நீர்ப் பரிசோதனைக் கருவிகளோடு புழங்குபவன் என்ற முறையில் எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததற்கு, பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்து வன்னாமி இறால் பண்ணைகள் காரணம். அங்கே நைட்ரைட்டைச் சொட்டு மருந்துப் பெட்டியும் நிற அட்டையும் கொண்டு பார்க்கிறார்கள். பெரியவர் ஒருவர் குட்டைக் கரையில் குப்பியை என்னிடம் நீட்டி, “தம்பி, அட்டையில இருக்கிற ரோசும் இந்த ரோசும் ஒண்ணா வேறயான்னு என் கண்ணுக்குப் புடிபடல, நீங்களே பார்த்துச் சொல்லுங்க” என்றார். உச்சி வெயிலில் என் கண்ணுக்கும் அது அத்தனை தெளிவாகப் பிடிபடவில்லை.

சில்லு என்றதும் கணினிச் சில்லை நினைத்துக்கொள்ள வேண்டாம். இதில் மின்சுற்று இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டிய, ஒளி ஊடுருவும் ஒரு துண்டு சிலிக்கோன் ரப்பர். அதன் அடிப்புறத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமும் ஆழமும் கொண்ட சில தடங்கள். 1979இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சிலிக்கான் வட்டின் மேல் வாயுக் கலவையைக் கூறு கூறாகப் பிரித்தறியும் குரோமட்டோகிராஃப் ஒன்றைச் செய்து காட்டினார்கள். 1990இல் ஆண்ட்ரியாஸ் மான்ஸும் உடன் பணியாற்றியவர்களும் முழு வேதிப் பகுப்பாய்வையும் ஒரே சிறு அமைப்பில் முடிக்கலாம் என்ற எண்ணத்தைக் கட்டுரையாக முன்வைத்தார்கள். 1998இல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் ரப்பரை அச்சில் வார்த்துச் சில்லு செய்யும் விரைவான வழியைக் காட்டிய பிறகே இது சிறிய ஆய்வகங்களுக்கும் எட்டியது.

செய்முறையைச் சற்று அருகில் நின்று பார்ப்பது பயனுள்ளது, ஏனெனில் பின்னால் வரும் ஒளிச் சிக்கல்கள் பலவும் இங்கேயே தொடங்குகின்றன. பிசுபிசுப்பான அடிப்பொருள் பத்துப் பங்கு, கெட்டியாக்கும் பொருள் ஒரு பங்கு என்று எடுத்துக் கிளறினால் கலவை முழுவதும் நுரைத்து வெள்ளையாகிவிடும். அதை வெற்றிடக் கலத்தில் வைத்தால் குமிழிகள் பெருத்து மேலே எழுந்து ஒவ்வொன்றாக உடையும். கடைசிக் குமிழி உடைந்த பிறகு கிண்ணம் காலியாக இருப்பதாகவே தோன்றும், அத்தனை தெளிவு. தடங்களின் வடிவம் புடைத்து நிற்கும் அச்சின் மேல் அதை ஊற்றி அடுப்பில் வைத்து எடுத்து, உரித்து, நீர் நுழையவும் வெளியேறவும் துளையிட்டு, ஆக்சிஜன் பிளாஸ்மாவில் காட்டிக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்தினால் சில்லு தயார். உரிக்கும்போது விரல் பட்ட இடத்தில் ரேகை பதிந்துவிட்டால், அளக்கும் ஒளி அந்த இடத்தின் வழியாகச் செல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தடத்துக்குள் நீர் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்றால் ஓட்டம் எவ்வளவு சுழிக்கும் என்பதைக் காட்டும் ரெய்னால்ட்ஸ் எண் சுமார் 0.1. அதாவது சுழிப்பு என்பதே கிடையாது. இரண்டு நீர்மங்களை அருகருகே விட்டால் அவை இரண்டும் தனித்தனிப் பட்டைகளாகவே செல்லும். மூலக்கூறுகள் தாமாகப் பரவிக் கலக்க வேண்டியதுதான். சிறிய மூலக்கூறு 100 மைக்ரோமீட்டர் தூரம் பரவச் சுமார் 10 நொடி ஆகும் என்பதால், வினைப்பொருள் கலக்கும் தடத்தை வளைத்து வளைத்து நீளமாக்குகிறார்கள். இது ஓட்டத்தின் கதை. நமக்கு வேண்டியது ஒளியின் கதை.

உறிஞ்சும் ஒளியை அளப்பதில் பீர்-லாம்பர்ட் விதிதான் எசமானன்: உறிஞ்சளவு என்பது செறிவு, சாயத்தின் தன்மை, ஒளிப்பாதையின் நீளம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். முதல் இரண்டும் நம் கையில் இல்லை. 0.25 சதவீத வேறுபாட்டைக் காண்பதற்குப் போதுமான ஒளித்துகள்கள் கிடைக்குமா என்ற ஐயம் முதலில் எழும். அது வீண் கவலை. ஒரு மைக்ரோவாட் பச்சை ஒளியில் நொடிக்கு இரண்டரை லட்சம் கோடிக்கும் மேற்பட்ட ஒளித்துகள்கள் உள்ளன, அவற்றின் இயல்பான ஏற்ற இறக்கம் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இராது. சிக்கல் விளக்கில் இருக்கிறது. எல்.ஈ.டி. சூடேறச் சூடேற அதன் ஒளி குறைகிறது, அலைநீளமும் சற்றே நகர்கிறது. ஒரு டிகிரி வெப்பம் ஏறினாலே நாம் தேடும் 0.25 சதவீத அளவுக்கு ஒளி குறைந்துவிடக்கூடும். அக்னி நட்சத்திர நாட்களில் கரையில் வைத்த பெட்டிக்குள் வெப்பம் ஒரு டிகிரியோடு நிற்பதில்லை. எனவே விளக்கிலிருந்து புறப்படும் ஒளியில் ஒரு பகுதியைப் பிரித்து, நீரைத் தொடாமல் நேரே இன்னொரு ஃபோட்டோடையோடில் (ஒளியை மின்சாரமாக்கும் உணரி) விழச் செய்து, இரண்டின் விகிதத்தையே கணக்கில் எடுக்க வேண்டும். இந்த இரண்டாவது டையோடு இல்லாத உறிஞ்சல் சில்லை நான் அளவீட்டுக் கருவி என்று ஏற்பதில்லை.

அடுத்து எண்ணாக்கம். ஃபோட்டோடையோடின் மின்னழுத்தத்தை, அதை எண்ணாக்கும் 12 பிட் மாற்றியில் கொடுத்தால் முழு ஒளி 4096 படிகள், 0.25 சதவீதம் என்பது 10 படி. 16 பிட் மாற்றியில் அது 160 படிக்கு மேல். கைப்பேசிக் கேமராவின் சாதாரணப் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தாம், ஆகவே இந்த வேறுபாடு ஒரு படிகூட ஆகாது. போதாக்குறைக்குக் கேமரா தானாகவே வெண்மையையும் வெளிச்சத்தையும் திருத்திக்கொள்ளும். கைப்பேசியைக் கொண்டு எதையும் அளந்துவிடலாம் என்று நம்புவோர் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இதற்கு நேரான மருந்து, ஒளியைத் தடத்துக்குக் குறுக்கே அனுப்பாமல் நெடுக்காக அனுப்புவது. தடம் ஒரு முனையில் செங்குத்தாகத் திரும்பி, இரண்டு சென்டிமீட்டர் நேராக ஓடி, மறு முனையில் மீண்டும் திரும்ப வேண்டும். இரு திருப்பங்களிலும் சுவருக்கு வெளியே ஒரு பக்கம் எல்.ஈ.டி.யும் மறு பக்கம் ஃபோட்டோடையோடும் நிற்கும். அப்போது நம் 0.1 மில்லிகிராம் நைட்ரைட், ஒளியை ஏறத்தாழ 40 சதவீதம் குறைக்கும், குவெட்டைவிடவும் நல்ல நிலை. தடம் அரை மில்லிமீட்டர் அகலமும் ஆழமும் கொண்டதாக இருந்தாலும் உள்ளே நிற்கும் நீர் 5 மைக்ரோலிட்டர்தான். நைட்ரைட் ஒரு மில்லிகிராமுக்கு ஏறிவிட்டால் இந்த நீளத்தில் ஒளி அநேகமாக முழுவதுமே விழுங்கப்பட்டுவிடும் என்பதால், அதே தடத்தில் இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு குறும்பகுதியையும் வைத்து, இரண்டில் எது பொருந்துகிறதோ அதைப் படிப்பது நல்லது.

ஆனால் நெடுக்கே அனுப்பிய ஒளி தடத்துக்குள்ளேயே அடங்கி நடக்குமா? நீரின் ஒளிவிலகல் எண் 1.33, பி.டி.எம்.எஸ்.ஸின் எண் சுமார் 1.41, கண்ணாடியின் எண் சுமார் 1.52. ஒளியிழையில் உட்கருவின் எண் உறையைவிட அதிகமாக இருப்பதால்தான் ஒளி உள்ளே சிறைப்படுகிறது. இங்கே நிலைமை தலைகீழ், நீரில் செல்லும் ஒளி சுவருக்குள் கசிந்துகொண்டே போகும். சுவர் வழியே தப்பிய ஒளியும் கடைசியில் அதே டையோடில் வந்து விழுவதுதான் பெரிய கேடு. டையோடுக்கு வரும் ஒளியில் பாதி, நீரைத் தொடாமல் சுவர் வழியாகவே வந்தது என்றால், கரைசல் மையாகவே கறுத்தாலும் கருவி 0.3க்கு மேல், அதாவது ஒளி பாதியாகும்போது வரும் அளவுக்கு மேல், உறிஞ்சளவைக் காட்டவே முடியாது. சிலர் டெஃப்லான் ஏ.எஃப். என்ற, 1.29 முதல் 1.31 வரை விலகல் எண் கொண்ட பொருளைத் தடத்தின் உட்சுவரில் பூசி நீரையே ஒளியிழையாக்குகிறார்கள். அது விலை அதிகம், பூசுவதும் எளிதன்று. பிரிட்டனில் சவுத்தாம்ப்டனில் கடல்நீருக்கான சில்லுகளைச் செய்தவர்கள் வேறு வழியை எடுத்தார்கள்: சில்லையே நிறமேற்றிய அக்ரிலிக்கில் செய்தார்கள். சுவர் வழியே செல்லும் ஒளியை அந்த நிறமே விழுங்கிவிடும், நீர் வழியே வரும் ஒளி மட்டும் தப்பும். ஒளிச் சில்லு கண்ணாடித் தெளிவாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், அதைக் கறுப்பாக்கியதுதான் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு.

கடலூர் மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, உப்பு. வெள்ளாற்று முகத்துவாரத்திலும் உப்பனாற்றிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் ஏறத்தாழ நன்னீராகிவிடும், கோடையில் கடலளவு உப்பு ஏறும். நன்னீரின் விலகல் எண் 1.333, கடல்நீரின் எண் சுமார் 1.339. இந்தச் சிறு வேறுபாட்டால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். நன்னீரில் கரைத்த வினைப்பொருளும் உப்பு நீரும் சரியாகக் கலக்காமல் பட்டை பட்டையாக ஓடும்போது, அவற்றின் எல்லை ஒளியைச் சற்றே வளைக்கிறது. வளைந்த ஒளி டையோடின் விளிம்பைத் தாண்டி விழுந்தால், சாயமே இல்லாத நீரிலும் உறிஞ்சல் இருப்பதாகக் கருவி சொல்லும். இதைப் பிரித்தறிய, இளஞ்சிவப்புச் சாயம் சிறிதும் உறிஞ்சாத 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் அதே பாதையில் மாறி மாறி அனுப்ப வேண்டும். பச்சையும் சிவப்பும் சேர்ந்து குறைந்தால் அது உப்பின் அல்லது கலங்கலின் வேலை, பச்சை மட்டும் குறைந்தால்தான் நைட்ரைட். உப்பு குறைந்த நீரில்தான் நைட்ரைட் இறாலுக்கு அதிக நஞ்சு என்பதால், மழைக்கால அளவீட்டில் இந்தத் திருத்தம் இல்லாமல் இருப்பது ஆபத்து.

காற்றுக் குமிழியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். குட்டையில் பாசி செழித்திருந்தால் நண்பகலில் நீரில் ஆக்சிஜன் நிறைந்து வழியும். அந்த நீர் பெட்டிக்குள் வந்து இன்னும் சூடாகும்போது, தடத்தின் சுவரில் எங்கோ ஓர் இடத்தில் குமிழி முளைக்கும். அது டையோடைக் கடப்பதைத் திரையில் பார்த்தால் வடிவத்திலேயே அடையாளம் தெரியும்: குமிழியின் வளைந்த முகம் ஒளியைப் பக்கவாட்டில் சிதறடிப்பதால் கோடு திடீரென்று கீழே பாயும், குமிழியின் நடுப்பகுதி வந்ததும் வேறொரு மட்டத்தில் தட்டையாகும், பின்முகம் கடக்கும்போது மறுபடி ஒரு பாய்ச்சல், பிறகு பழைய மட்டம். இது தானாகக் கடந்து போகிற குமிழி. நெடுந்தடத்தின் திருப்பத்தில் ஒட்டிக்கொண்டு நகராத குமிழிதான் தொல்லை. அது நிரந்தர உறிஞ்சலாகவே தோற்றமளிக்கும். சில்லின் வாயிலில் நீர் ஒட்டாத, காற்றை மட்டும் வெளியே விடும் மெல்லிய டெஃப்லான் சவ்வை வைத்தால் பெரும்பாலான குமிழிகள் உள்ளே வரும் முன்னரே விலகிவிடும்.

இனி இருட்டில் பார்க்கும் முறைக்கு வருவோம். மேலே சொன்ன வகையில், நிறைய ஒளியில் ஏற்படும் சிறு குறைவை அளக்கிறோம். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கரையில் நிற்கும் நானூறு பேரில் ஒருவர் நழுவிப் போனதைக் கண்டுபிடிப்பது அது. உடனொளிர்வு முறையில் கரை காலியாக இருக்கிறது, ஒருவர் வந்து நின்றாலும் தெரியும். சில பொருள்கள் ஒரு நிற ஒளியை வாங்கி, அதைவிட அலைநீளம் கூடிய வேறொரு நிறத்தில் திருப்பித் தருகின்றன. தூண்டும் ஒளியை வடிகட்டியால் தடுத்துவிட்டு, திரும்பி வரும் நிறத்தை மட்டும் டையோடுக்குக் காட்டினால், பொருள் இல்லாதபோது அங்கே இருள்தான். ஒளிப்பாதை நூறில் ஒரு பங்கானாலும் இருளோடு ஒப்பிடும் ஆதாயம் அதை ஈடுகட்டுகிறது. உயிரியல் சில்லுகளில் பெரும்பாலானவை உடனொளிர்வை நம்பியிருப்பதற்கு இதுவே காரணம்.

நம் ஊர் எடுத்துக்காட்டாகவே ரோடமைன் பி என்ற சாயம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் விற்ற பஞ்சு மிட்டாயில் இந்தத் தொழிற்சாலைச் சாயம் இருப்பது தெரியவந்து விற்பனைக்குத் தடை வந்தது. அதே மாதத்தில் தமிழ்நாடும் தடை விதித்தது. ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுள்ள ரோடமைன் பி கரைசல், 100 மைக்ரோமீட்டர் தடத்தில் பச்சை ஒளியை வெறும் 0.23 சதவீதம்தான் குறைக்கும். உடனொளிர்விலோ அதைவிட ஆயிரம் மடங்கு நீர்த்த கரைசலையும் சாதாரண அமைப்பில் காண முடியும். அந்த நானோமோலார் செறிவில், பக்கத்துக்கு 100 மைக்ரோமீட்டர் கொண்ட தடத்தின் ஒரு நானோலிட்டருக்குள் சுமார் ஆறு லட்சம் மூலக்கூறுகள் இருக்கும். எண்ணிக்கையில் பெரிதாகத் தோன்றினாலும் நிறுத்தால் ஒன்றுமில்லை. மற்றோர் ஆதாயமும் உண்டு. உணவில் அனுமதிக்கப்பட்ட எரித்ரோசின், கார்மோசின் ஆகியவையும் சிவப்பாகவே இருக்கும், பச்சை ஒளியை உறிஞ்சவும் செய்யும், ஆனால் கார்மோசின் ஒளிர்வதில்லை, எரித்ரோசின் மிக மங்கலாகவே ஒளிரும். உறிஞ்சலில் மயங்கும் நிறங்கள் உடனொளிர்வில் பிரிந்துவிடுகின்றன. இது சந்தேகத்தை எழுப்பப் போதுமான சோதனைதானே தவிர வழக்குக்குப் போதாது. உறுதி செய்யக் குரோமட்டோகிராஃபி வேண்டும்.

தூண்டும் ஒளிக்குக் கடையில் மலிவாகக் கிடைக்கும் 532 நானோமீட்டர் பச்சை லேசர் பேனாவை எடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை. அந்தப் பேனாவுக்குள் அகச்சிவப்பு லேசர்தான் முதலில் பிறந்து, படிகத்தின் வழியே பச்சையாக மாறுகிறது. மலிவான பேனாக்கள் பலவற்றில் மிச்ச அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதில்லை. நாம் போடும் ஆரஞ்சு வடிகட்டி பச்சையைத் தடுத்துவிட்டு அகச்சிவப்பை வழிவிட்டு அனுப்பும், சிலிக்கான் டையோடும் அதை நன்றாகவே பார்க்கும். சாயமே இல்லாத நீரும் ஒளிர்வதாகத் தோன்றும். கண்ணுக்கும் அது கேடு.

அகச்சிவப்பை அடைத்த பிறகும் இருள் முழு இருளாவதில்லை என்பதுதான் இந்த முறையின் சுவையான பகுதி. திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1928இல் உலகுக்கு அறிவித்த சிதறல், எவ்வளவு தூய்மையான நீரிலும் நடக்கும். நீர் மூலக்கூற்றின் அதிர்வு, தூண்டும் ஒளியில் ஒரு சிறு பங்கை நிறம் மாற்றிச் சிதறடிக்கிறது; 532 நானோமீட்டரில் தூண்டினால் அந்த ஒளி 650 நானோமீட்டருக்கு அருகில் வந்து விழும். ரோடமைன் பி 580 நானோமீட்டரை ஒட்டி ஒளிர்வதால், 560 முதல் 610 வரை மட்டும் விடும் வடிகட்டியைப் போட்டால் நீரின் ராமன் ஒளி வெளியே நிற்கும். நீண்ட அலைகள் எல்லாவற்றையும் விடும் மலிவான வடிகட்டியைப் போட்டால் அதுவும் சேர்ந்து வரும். சில்லின் பொருளும் தன் பங்குக்கு ஒளிரும்: கண்ணாடியும் பி.டி.எம்.எஸ்.ஸும் குறைவாக, பாலிகார்பனேட் அதிகமாக.

குறைவாக ஒளிர்கிறது என்பதற்காக ரோடமைன் பி அளவீட்டுக்குப் பி.டி.எம்.எஸ். சில்லை எடுக்கக் கூடாது. அந்த ரப்பர், நீரை விரும்பாத சிறு மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. ரோடமைன் பி ஓடிய தடத்தைச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் சுவர்கள் ரோஜா நிறம் ஏறிக் கிடக்கும், எத்தனை முறை கழுவினாலும் போகாது, அடுத்த மாதிரியில் சாயமே இல்லாவிட்டாலும் சுவர் ஒளிர்ந்துகொண்டிருக்கும். இதற்குக் கண்ணாடித் தடமே தகும். வெப்பமும் கவனிக்கத்தக்கது: ரோடமைன் பி ஒரு டிகிரி ஏறினால் சுமார் 2 சதவீதம் மங்குகிறது. நுண்தடத்துக்குள் வெப்பநிலையை அளப்பதற்கே சிலர் இந்தச் சாயத்தைப் பயன்படுத்துகிறார்கள். தெரிந்த செறிவுகளைக் கொண்டு குளிரூட்டிய அறையில் போட்ட அளவுக்கோட்டை 35 டிகிரியில் நம்பினால் விடை கணிசமாகக் குறைவாகவே வரும்.

நான் இதுவரை குறையாகவே பேசிவந்த குறுகிய ஒளிப்பாதை, இந்த இடத்தில் வரமாகிறது. செறிவான சாயக் கரைசலைக் குவெட்டில் வைத்தால், தூண்டும் ஒளியை முன்பகுதியே விழுங்கிவிட, பின்பகுதி இருட்டில் கிடக்கும். செறிவு கூடக் கூட ஒளிர்வு கூடாமல் ஒரு கட்டத்தில் குறையவும் தொடங்கும். அதனால் அடர்நிற மிட்டாய்க் கரைசலைப் பலமுறை நீர்க்க வேண்டியிருக்கும். குவெட்டில் உறிஞ்சளவு 5 என்று ஒளியே புகாத கரைசல், 100 மைக்ரோமீட்டர் தடத்தில் 0.05தான். நீர்க்காமல் அப்படியே ஊற்றலாம். அடர்ந்த மாதிரிகளைப் பொறுத்தவரை சில்லு குவெட்டை வென்றுவிடுகிறது.

உயிரியலில் நடந்திருக்கும் மிகப் பெரிய தந்திரம், அளப்பதை எண்ணுவதாக மாற்றியது. டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் டிஜிட்டல் பி.சி.ஆர். கருவியில் மாதிரியை எண்ணெய்க்குள் சுமார் 20,000 நுண்துளிகளாகப் பிரிக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒரு நானோலிட்டருக்கும் சற்றுக் குறைவு. தேடும் டி.என்.ஏ. இருந்த துளி, பெருக்கத்துக்குப் பின் பளிச்சென்று ஒளிரும், இல்லாதது மங்கலாக இருக்கும். துளிகள் வரிசையாக லேசரைக் கடக்கும்போது ஒவ்வொன்றும் ஒளிர்கிறதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி, விளக்கு 5 சதவீதம் ஆடினாலும் விடை மாறாது. துளிகளில் சரிபாதி ஒளிர்ந்தால் ஒரு துளிக்குச் சராசரியாக 0.69 மூலக்கூறு இருந்தது என்று பாய்சான் என்ற நிகழ்தகவுக் கணக்கு சொல்லிவிடும். விளக்கின் ஆட்டத்தோடு மல்லுக்கட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பொறாமையாகவே இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகக் கடக்கலாம். லூமினால் போன்றவை வேதிவினையாலேயே ஒளி தருவதால் விளக்கே வேண்டாம், வடிகட்டியும் வேண்டாம். ஆனால் வரும் ஒளி மிகக் குறைவு, பெட்டியில் ஊசி முனை ஓட்டையும் இருக்கக் கூடாது. சுமார் 50 நானோமீட்டர் தடிமனுள்ள தங்கப் படலத்தின் மேல் புரதம் ஒட்டுவதை ஒளிவிலகல் மாற்றத்தால் அறியும் பிளாஸ்மான் முறை, சாயம் ஒட்டாமலே பார்க்க உதவுகிறது. நீரின் விலகல் எண்ணே வெப்பத்தோடு மாறுவதால், அந்தக் கருவியின் விலையில் ஒரு பகுதி வெப்பநிலையை அசையாமல் பிடிப்பதற்கே போகிறது. 2007இல் ஹார்வர்டிலிருந்து வந்த காகிதச் சில்லுகள், மலிவில் இவை எல்லாவற்றையும் தோற்கடிக்கும். கூடுதல், குறைவு என்ற அளவில் விடை போதுமென்றால் அவையே சரி, கைப்பேசிக் கேமராவும் அங்கே தாக்குப்பிடிக்கும்.

இறால் குட்டைக்கு நான் தேர்ந்தது, நிறமேற்றிய அக்ரிலிக்கில் இரண்டு சென்டிமீட்டர் பாதையும் குறும்பகுதியும் கொண்ட, பச்சையும் சிவப்புமாக இரண்டு எல்.ஈ.டி. வைத்த உறிஞ்சல் சில்லு. நைட்ரைட்டை ஒளிரும் பொருளாக மாற்றும் டைஅமினோ நாஃப்தலீன் முறை இருக்கிறது. அது இன்னும் நுண்ணியது, ஆனால் புறஊதா விளக்கு கேட்கும், குட்டைக்கு அந்த நுண்மை தேவையும் இல்லை. பண்ணைக்காரருக்கு வேண்டியது மணிக்கொரு முறை, இரவு முழுவதும் வரும் எண். சில்லு அங்கேதான் தன் மதிப்பைக் காட்டுகிறது: ஓர் அளவீட்டுக்கு 10 மைக்ரோலிட்டர் வினைப்பொருள் என்றால் ஒரு நாளுக்கு 240 மைக்ரோலிட்டர், மாதத்துக்கு 10 மில்லிலிட்டர்கூட ஆகாது. அந்த வினைப்பொருள் குளிரில் வைத்தாலும் ஏறத்தாழ ஒரு மாதம்தான் தாங்கும் என்பதால், சிறு பழுப்புக் குப்பியை மாதம் ஒருமுறை மாற்றினால் கணக்கு சரியாகிவிடுகிறது.

ஒவ்வொரு முறையும் வினைப்பொருள் சேர்க்காத நீரை முதலில் பார்த்து, பிறகு சேர்த்த நீரைப் பார்ப்பதால், ஒளி நுழையும் சாளரத்தில் மெல்லப் படியும் பாசியின் மறைப்பும் கழிந்துபோகிறது. கழியாதது, வாயிலில் இருக்கும் 0.45 மைக்ரான் வடிகட்டியின் அடைப்பு. பாசி பொங்கும் வாரங்களில் அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். உள்ளே வரும் நீர் குறைந்து வினைப்பொருளின் பங்கு கூடும், நைட்ரைட் இறங்குவதாகத் திரையில் கோடு சரியும், அதைப் பார்த்துப் பண்ணைக்காரர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். வடிகட்டிக்கு முன்னால் ஒரு சிறிய அழுத்த உணரியை வைத்து, அழுத்தம் ஏறியிருக்கும்போது வந்த எண்களைச் சிவப்பில் காட்டச் செய்த பிறகு, கோடு சரிவது நைட்ரைட் குறைந்ததாலா நீர் வராததாலா என்பதை அவரே பார்த்துப் பிரித்துக்கொள்ள முடிகிறது.